குழாய் ஒன்றுதான், விற்பவர்கள் பலர்: பிரிட்டனின் எரிவாயுச் சந்தை ஓர் எளிய விளக்கம்

லண்டனில் எங்கள் வீட்டுக்கு கேஸ் தரும் கம்பெனியை மாற்றிய அன்று, கும்பகோணத்தில் இருக்கும் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏண்டா, புது கம்பெனிக்காரன் எப்ப வந்து பைப்பு போடுவான்?" என்று கேட்டார். யாரும் வரமாட்டார்கள் சித்தி, அதே பைப், அதே மீட்டர், பில் மட்டும் வேறு பெயரில் வரும் என்றேன். "அப்புறம் என்னத்தைத்தான் மாத்தின?" என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. எரிவாயுத் துறையைத் 'திறந்துவிட்டார்கள்' என்று செய்தி வரும்போதெல்லாம் தனியார்மயம், போட்டி, கட்டுப்பாடு நீக்கம் ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் பேசிவிடுகிறோம். மூன்றும் வேறு வேறு. பிரிட்டனை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும், ஏனென்றால் அங்கே இவை ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் விற்றார்கள். பத்து வருடம் கழித்துத்தான் வீடுகளுக்குப் போட்டி வந்தது. விதிகளோ குறையவே இல்லை, கூடின.

எந்த கேஸைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் ஊரில் கேஸ் என்றால் சிலிண்டர். அதில் இருப்பது எல்.பி.ஜி. லேசாக அழுத்தினாலே திரவமாகிவிடும், அதனால் இரும்பு உருளையில் அடைத்து வண்டியில் ஏற்றி எந்தத் தெருவுக்கும் கொண்டுபோகலாம்.

இங்கே நாம் பேசுவது இயற்கை எரிவாயு, அதாவது பெரும்பாலும் மீத்தேன். இதைத் திரவமாக்க மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். கப்பலில் கொண்டுவர அது சரிவரும், சமையலறைக்குச் சரிவராது. வீட்டுக்கு வர அதற்கு ஒரே வழி குழாய். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். குழாயை யார் வைத்திருக்கிறாரோ அவர் கையில் ஊரே இருக்கும்.

சாலையும் பேருந்தும்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு சாலை இருக்கிறது. அதில் அரசுப் பேருந்தும் ஓடுகிறது, தனியார் பேருந்தும் ஓடுகிறது. பேருந்துகள் போட்டி போடுவது பயணிக்கு நல்லது. ஆனால் போட்டிக்காகப் பக்கத்திலேயே இன்னொரு சாலை போடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. காசும் வீண், நிலமும் வீண்.

இப்படி ஒன்று இருந்தால் போதும், இரண்டாவது போட்டால் எல்லோருக்கும் செலவு கூடும் என்ற நிலைமைக்குப் பொருளாதாரத்தில் இயற்கை ஏகபோகம் என்று பெயர். கேஸ் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் இதில் அடங்கும். ஆனால் குழாய்க்குள் ஓடும் கேஸ் அப்படிப்பட்டதல்ல. அதைக் கடலுக்கடியிலிருந்து எடுப்பவர் பலர் இருக்கலாம், வாங்கி விற்பவரும் பலர் இருக்கலாம்.

இப்போது, சாலையின் சொந்தக்காரரே பேருந்தும் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிப் பேருந்து வந்தால் சுங்கம் எவ்வளவு என்று அவர்தான் சொல்வார். எந்த நேரத்துக்குக் கிளம்பலாம் என்றும் அவர்தான் சொல்வார். சட்டம் போட்டியை அனுமதித்தாலும் ஒருவரும் வண்டி எடுக்கத் துணியமாட்டார். பிரிட்டன் இந்தப் பாடத்தைப் பல வருடம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டது.

1986: விற்றார்கள், திறக்கவில்லை

பிரிட்டனில் 1949-இல் எரிவாயுத் துறை தேசியமயமானது. அதற்கு முன் நகராட்சிகளும் தனியாரும் நடத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்கள் இருந்தன. அப்போதைய கேஸ் நிலக்கரியைச் சுட்டு எடுத்தது. ஊருக்கு ஊர் தொட்டி, ஊருக்கு ஊர் குழாய். 1965-இல் வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் கதை மாறியது. 1967 முதல் பத்து வருடத்தில் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் அடுப்புகளின் பர்னரை மாற்றினார்கள். ஊர் ஊராக இருந்த வலைப்பின்னல் ஒரே தேசியக் குழாய்த் தொகுதியானது. 1973-இல் எல்லாம் பிரிட்டிஷ் கேஸ் கார்ப்பரேஷன் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. கடலிலிருந்து வருவதை வாங்குவது, நாடெங்கும் கொண்டுசெல்வது, வீட்டில் விற்பது, மூன்றும் அதனிடமே இருந்தன.

1982-இல் ஒரு சட்டம் வந்தது. மற்றவர்களும் பிரிட்டிஷ் கேஸின் குழாயில் தங்கள் கேஸை அனுப்பலாம் என்றது. காகிதத்தில் சந்தை அன்றே திறந்துவிட்டது. ஆனால் அடுத்த பல வருடங்களுக்கு உள்ளே நுழைய ஒருவராலும் முடியவில்லை. குழாய் வாடகைக்குப் போட்டியாளரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது.

1986 டிசம்பரில் மார்கரெட் தாட்சர் அரசு பிரிட்டிஷ் கேஸை ஒரு பங்கு 135 பென்ஸ் விலையில் பொதுமக்களுக்கு விற்றது. "சித்தைப் பார்த்தால் சொல்லுங்கள்" என்ற விளம்பரம் நாடெங்கும் ஓடியது. சித் என்பது விளம்பரத்துக்காக உருவாக்கிய, யாரும் பார்க்காத ஓர் ஆள். அந்தப் பெயரை இன்றும் பிரிட்டனில் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

விற்றபோது நிறுவனத்தைப் பிரிக்கவில்லை. குழாயும் கடையும் ஒட்டியபடியே கைமாறின. அரசு ஏகபோகம் தனியார் ஏகபோகமானது, அவ்வளவுதான். என் பார்வையில் அந்தக் காலத்தின் பெரிய பிழை இதுதான். முழுதாக விற்றால் பங்கு நன்றாக விலைபோகும், நிர்வாகமும் எதிர்க்காது என்ற கணக்கு, வாடிக்கையாளரின் நலனை முந்திக்கொண்டது.

போட்டி இல்லாத இடத்தில் விலையை யார் பார்த்துக்கொள்வது? அதற்காக ஆஃப்காஸ் என்ற ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கினார்கள். ஒழுங்குமுறை அமைப்பு என்றால் துறையை நடத்தாமல், நடத்துகிறவர்களுக்கு விதி போட்டுக் கண்காணிக்கும் அலுவலகம். வீடுகளுக்கான விலையை அது கட்டுப்படுத்திய சூத்திரம் எளிது. நாட்டில் விலைவாசி எவ்வளவு சதவீதம் ஏறியதோ அதிலிருந்து ஒரு எண்ணைக் கழி, அதற்குமேல் ஏற்றாதே. கேஸ் வாங்கும் செலவை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த எண் ஆரம்பத்தில் 2. செலவைக் குறைத்தால் மட்டுமே லாபம் கூடும்படி அமைத்த ஏற்பாடு இது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தனியார்மயம் என்பது சொந்தக்காரர் மாறுவது. 1986-இல் பிரிட்டனில் நடந்தது அது மட்டும்தான். வீட்டுக்காரருக்கு அன்றும் ஒரே ஒரு விற்பனையாளர்தான்.

குழாயையும் கடையையும் பிரித்த கதை

முதலில் புகார் கிளப்பியது தொழிற்சாலைகள். பெரிய வாடிக்கையாளர்களிடம் பிரிட்டிஷ் கேஸ் தனித்தனியாக விலை பேசியது. எண்ணெயை எரித்தும் வேலையை ஓட்ட முடிகிற தொழிற்சாலைக்குக் குறைந்த விலை, கேஸை விட்டால் வேறு வழியில்லாத தொழிற்சாலைக்கு அதிக விலை. ஏகபோக விசாரணை ஆணையம் 1988-இல் இதைக் கண்டித்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்கான விலைப்பட்டியலை வெளிப்படையாக வெளியிட வேண்டும், கடலுக்கடியில் புதிதாகத் தோண்டும் கேஸ் வயலிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் நீயே வாங்கிக்கொள்ளக் கூடாது என்றது. மீதி 10 சதவீதம் போட்டியாளர்களுக்கு விதைநெல் மாதிரி.

அதுவும் போதவில்லை. 1993-இல் அதே ஆணையம் குழாய்த் தொழிலும் விற்பனைத் தொழிலும் பிரிய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று தனித்தனி உரிமங்களைக் கொண்டுவந்தது. குழாயை நடத்துபவர் டிரான்ஸ்போர்ட்டர். மொத்தமாக கேஸ் வாங்கிக் குழாயில் ஏற்றுபவர் ஷிப்பர். வீட்டுக்கு பில் போடுபவர் சப்ளையர். ஒரே நிறுவனம் ஷிப்பராகவும் சப்ளையராகவும் இருக்கலாம். ஆனால் டிரான்ஸ்போர்ட்டர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மற்ற இரண்டும் கிடையாது.

1997 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கேஸ் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. வீடுகளுக்கு விற்கும் பகுதி சென்ட்ரிகா என்ற நிறுவனமானது. 'பிரிட்டிஷ் கேஸ்' என்ற பெயர்ப் பலகையும் அதற்கே போனது. குழாய்களும் கடலுக்கடி வயல்களில் பெரும்பகுதியும் மற்றப் பாதியான பி.ஜி. நிறுவனத்திடம் நின்றன. பின்னர் குழாய்களும் பிரிந்து போயின. இன்று தேசிய அளவிலான பெருங்குழாய்கள் நேஷனல் கேஸ் நிறுவனத்திடமும், தெருக்குழாய்கள் கேடன்ட் போன்ற வட்டார நிறுவனங்களிடமும் இருக்கின்றன. தெருவில் கேஸ் வாசம் வந்தால் நீங்கள் எந்த சப்ளையரிடம் இருந்தாலும் அழைப்பது ஒரே அவசர எண்தான். ஓடி வருவது குழாய் நிறுவனத்தின் ஆள். சித்தி கேட்ட 'பைப்புக்காரன்' இவர்தான், இவர் ஒருபோதும் மாறுவதில்லை.

குழாயையும் கடையையும் பிரிப்பதா என்ற இதே கேள்வி இந்தியாவிலும் இன்னும் முடியாமல் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பி.என்.ஜி.ஆர்.பி. என்ற ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது, 2020-இல் கேஸ் வாங்கி விற்க ஒரு வர்த்தக மேடையும் வந்தது. ஆனால் நாட்டின் பெரிய குழாய் உரிமையாளரான கெயில் நிறுவனம் கேஸையும் விற்கிறது.

ஒரே தொட்டியில் பல லாரித் தண்ணீர்

சரி, இப்போது உண்மையான புதிருக்கு வருவோம். ஒரே குழாயில் இருபது கம்பெனிகளின் கேஸ் ஓடினால், என் அடுப்பில் எரிவது யாருடையது?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலம். கீழே பொதுவான சம்ப் ஒன்று. ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த லாரிக்காரரிடம் தண்ணீர் சொல்கிறது, ஆனால் எல்லா லாரியும் அதே சம்ப்பில்தான் ஊற்ற வேண்டும். மேலே ஏறுவது கலந்த தண்ணீர். உங்கள் குழாயில் வருவது உங்கள் லாரித் தண்ணீரா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. வாட்ச்மேன் ஒரு நோட்டு வைத்திருப்பார். இன்றைக்கு இந்த லாரிக்காரர் எத்தனை லிட்டர் ஊற்றினார், அவருடைய வாடிக்கையாளர் வீடுகள் எத்தனை லிட்டர் செலவழித்தன என்று எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் சரி. குறைவாக ஊற்றியிருந்தால், வாட்ச்மேன் வேறொரு லாரியை அவசரமாகக் கூப்பிட்டு ஊற்றச் சொல்லி, அந்த அவசர விலையைக் குறைவாக ஊற்றியவர் தலையில் எழுதுவார்.

பிரிட்டனின் எரிவாயு அமைப்பு இதே மாதிரிதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஃபெர்கஸ், கிழக்குக் கரையின் பாக்டன், திரவ எரிவாயுக் கப்பல்கள் வந்து இறங்கும் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் ஆகிய இடங்களில் கேஸ் உள்ளே ஏறுகிறது. கேஸ் நாள் என்று ஒரு கணக்கு நாள் உண்டு. காலை 5 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 5 மணிக்கு முடியும். அந்த 24 மணி நேரத்தில் ஒரு ஷிப்பர் ஏற்றியதும் அவருடைய வாடிக்கையாளர்கள் எடுத்ததும் சமமாக இருக்க வேண்டும். இதற்குச் சமன்படுத்தல் என்று பெயர். குறைந்தால் அபராத விலை, கூடினால் மலிவு விலையில் பறிபோகும். இந்த விதிகளையெல்லாம் தொகுத்த வலைப்பின்னல் விதிநூல் 1996-இல் நடைமுறைக்கு வந்தது.

வாட்ச்மேன் நோட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தேசியச் சமன்புள்ளி, சுருக்கமாக என்.பி.பி. வரைபடத்தில் தேடினால் அப்படி ஓர் ஊர் இல்லை. குழாய்க்குள் ஏறிய கேஸ் எந்தக் கரையில் ஏறியிருந்தாலும் இந்தக் கணக்குப் புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒருவரிடம் கேஸ் மிஞ்சினால், குறைந்தவருக்கு அந்த நிமிடமே விற்கலாம். ஒரு துளி கேஸ்கூட இடம் மாற வேண்டியதில்லை, நோட்டில் பெயர் மாறினால் போதும். இப்படிப் பலரும் வாங்கி விற்கும்போது ஒரு பொது விலை உருவாகிறது. அதுதான் மொத்தச் சந்தை விலை. இந்த விலையை வைத்து லண்டனில் 1997 முதல், பின்னாளில் வாங்குவதற்கு இன்றே விலை பேசும் முன்பேர வர்த்தகமும் நடக்கிறது.

இந்த விதிநூலைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தாலே, 'கட்டுப்பாடு நீக்கம்' என்ற சொல் எவ்வளவு தவறாக வழிகாட்டுகிறது என்று தெரியும். ஒரே நிறுவனம் இருந்தபோது இந்தக் கணக்குகள் அதன் கட்டடத்துக்குள்ளேயே முடிந்தன. பலர் வந்ததும் ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

சுருக்கமாக: போட்டி நடப்பது கேஸை வாங்குவதிலும் விற்பதிலும். குழாயில் போட்டி இல்லை, அதற்கான வாடகையை ஒழுங்குமுறை அமைப்பு தீர்மானிக்கிறது. இரண்டையும் இணைப்பது சமன்படுத்தும் கணக்கு.

வீட்டு வாசலுக்கு வந்த போட்டி

1996 ஏப்ரலில் கார்ன்வால், டெவன், சாமர்செட் பகுதிகளில் சுமார் 5 லட்சம் வீடுகளுக்கு முதலில் திறந்து பார்த்தார்கள். 1998 மே மாதத்துக்குள் பிரிட்டன் முழுக்கத் திறந்தாயிற்று. புதியவர்கள் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. காரணம் திறமை மட்டுமல்ல. அந்தச் சமயத்தில் மொத்தச் சந்தை விலை விழுந்திருந்தது. பிரிட்டிஷ் கேஸோ பழைய விலையில் நீண்டகால ஒப்பந்தங்களில் மாட்டியிருந்தது. 'எடு, எடுக்காவிட்டாலும் காசைக் கொடு' என்ற வகை ஒப்பந்தங்கள் அவை. ஒரே வாங்குபவராக இருந்த காலத்தில் போட்டவை, போட்டி வந்ததும் கழுத்தை நெரித்தன.

2002-இல் வீடுகளுக்கான கேஸ் விலை மீதான உச்சவரம்பு எடுக்கப்பட்டது. போட்டியே விலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் பலித்தது. கணினியில் உட்கார்ந்து விலைகளை ஒப்பிட்டு வருடாவருடம் மாறுகிறவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. மாறாதவர்கள் அதிகம் கொடுத்தார்கள். போட்டி ஆணையம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆறு பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் விலை கூடிய வழக்கமான திட்டத்திலேயே இருந்தது தெரிந்தது. அவர்களில் முதியவர்கள் உண்டு, ஆங்கிலம் பழகாத நம்மூர்ப் பெற்றோர் உண்டு. எனக்கு இதில் ஆறவே ஆறாத வருத்தம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒரே தெருக்குழாயிலிருந்து வரும் ஒரே கேஸுக்கு, கணினி தெரியாத பாட்டி அதிகம் கட்டுவதைச் சந்தையின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் 2019 ஜனவரியில் உச்சவரம்பு திரும்ப வந்தது. இதிலும் ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. 'உச்சவரம்பு இத்தனை பவுண்ட்' என்று செய்தியில் சொல்வார்கள். அது கேஸும் மின்சாரமும் சேர்த்து ஒரு சராசரி வீட்டுக்கு வருடத்தில் ஆகும் தொகை. உண்மையில் வரம்பு யூனிட் விலைக்கும் தினசரிக் கட்டணத்துக்கும்தான். அதிகம் எரித்தால் பில் அந்தத் தொகையைத் தாண்டிப் போகும்.

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்

2021-இல் எங்கள் சப்ளையர் மூடப்பட்டது. மாலையில் ஒரு மின்னஞ்சல். பதற்றத்தோடு படித்தேன். வேறு கம்பெனிக்கு மாற வேண்டாம், மீட்டரைப் படித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் கறுப்பு எண்களைப் படம் எடுத்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. விற்பவர் மூடிவிட்டார், குழாயில் கேஸ் நிற்கவில்லை. சித்திக்கு நான் சொன்ன பதிலை அன்று கண்ணால் பார்த்தேன்.

ஏன் மூடினார்கள்? ஆறு மாதம் கழித்து நடக்கும் கல்யாணத்துக்கு இலைக்கு இவ்வளவு என்று விலை பேசும் சமையல் காண்ட்ராக்டரை நினையுங்கள். நிதானமானவர் மளிகைக்கடையில் அன்றே விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். இப்படி விலையை முன்கூட்டியே பூட்டிவைப்பதற்கு விலைக்காப்பு என்று பெயர். இன்னொருவர், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இலைக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேசி ஆர்டரைப் பிடித்துவிடுவார். பருப்பு விலை நாலு மடங்கானால் அவர் கதி என்ன?

பல சிறு சப்ளையர்கள் இரண்டாவது ரகம். 2021-இல் மொத்தச் சந்தை விலை பல மடங்கு ஏறியது. வீட்டுக்கு விற்கும் விலையோ உச்சவரம்பிலும் ஒப்பந்தத்திலும் கட்டுண்டிருந்தது. அந்த ஆண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் 30 கம்பெனிகள் வரை விழுந்தன. சுமார் 40 லட்சம் வீடுகள் பாதிக்கப்பட்டன. ஆஃப்காஸின் வாரிசான ஆஃப்ஜெம், அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரை வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. அதற்கான ஏற்பாட்டின் பெயர் கடைசிப் புகலிட சப்ளையர். அந்தச் செலவு எல்லா வீட்டு பில்லிலும் பிரித்துப் போடப்பட்டது. வீட்டுக்கு 94 பவுண்ட் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு, உக்ரைன் போருக்குப் பிறகு 2022 அக்டோபரில் 3,549 பவுண்டுக்குப் போனது. அரசே பணம் போட்டு வீடுகளுக்கு அதை 2,500-க்கு இறக்கி வைத்தது.

போர் வந்தால் எந்த அமைப்பிலும் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் போதிய முதல் இல்லாதவருக்கெல்லாம் விற்பனை உரிமம் கொடுத்தது மேற்பார்வையின் தவறு. பின்னாளில் ஆஃப்ஜெம் அந்த விதிகளை இறுக்கியது.

பில்லைக் கையில் எடுத்தால்

என் கேஸ் பில்லில் இரண்டு பகுதிகள்தான் முக்கியம். ஒன்று நிலைக்கட்டணம். ஒரு நாள்கூட அடுப்பு பற்றவைக்காவிட்டாலும் தினமும் ஏறும். குழாய்ச் செலவில் ஒரு பங்கு, மீட்டர் போன்றவை இதில் இருக்கின்றன. விழுந்த கம்பெனிகளின் சுமையும் இதில்தான் ஏறியது. இன்னொன்று யூனிட் விலை. மீட்டர் கன மீட்டரில் அளக்கிறது, பில் கிலோவாட் மணியில் வருகிறது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 கிலோவாட் மணி. அளவை விட்டு வெப்பத்துக்கு விலை போடக் காரணம் இருக்கிறது. வட கடல் கேஸும் கப்பலில் வரும் கேஸும் குழாயில் கலக்கின்றன, இரண்டின் எரிதிறனும் கொஞ்சம் வேறுபடும்.

கம்பெனி மாறும்போது எந்தப் பகுதி குறைகிறது என்று இப்போது பார்க்கத் தெரியும். குழாய் வாடகை எல்லா சப்ளையருக்கும் ஒன்றுதான், அரசுக்குப் போகும் வரியும் ஒன்றுதான். சப்ளையர் எவ்வளவு சாமர்த்தியமாக கேஸை முன்கூட்டி வாங்கினார், அலுவலகத்தை எவ்வளவு சிக்கனமாக நடத்துகிறார் என்ற இரண்டில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வர முடியும்.

போன வாரம் சித்தி மறுபடி கேட்டார், புது கம்பெனி எப்படி என்று. யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிலைக்கட்டணம் அப்படியேதான் என்றேன். "அப்ப பைப்புக்காரனுக்குக் கொடுக்கறது குறையாது, கடைக்காரனுக்குக் கொடுக்கறதுதான் குறையும், அதானே?" என்றார்.

அதேதான் சித்தி.